பூரிக் கடற்கரையில் ஒரு நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற வாரம் நம் செயலாளர் என் இல்லத்திற்கு வந்து, "இவ்வாண்டு விழாவில் தாங்கள் சிறிது நேரம் பேச வேண்டும், ஐயா" என்றார். "எதைப் பற்றி?" என்று கேட்டேன். "அது தங்கள் விருப்பம். ஆனால் சென்ற மூன்று ஆண்டுகளும் திருக்குறளைப் பற்றியே பேசிவிட்டீர்கள்" என்று சொல்லிப் புன்னகை செய்தார். குறிப்பை உணர்ந்துகொண்டேன். ஆகவே, ஏழு சீர்க் குறளை விட்டுவிட்டு, எல்லை காணாக் கடலை எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். நானும் என் நண்பர்களும் பூரிக் கடற்கரையில் கழித்த ஒரே ஒரு விடுமுறை நாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்நாளில் நாங்கள் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

அன்பர்களே, பிழைப்பு நாடி இந்த உருக்கு நகரத்திற்கு வந்த நம் போன்றவர்களுக்கு விடுமுறை என்றால் என்ன? போக இரண்டு நாள், வர இரண்டு நாள், இடையில் ஒரு திருமணம், ஒரு காதுகுத்து, ஒரு துக்க விசாரிப்பு, அண்ணன் தம்பிகளோடு ஒரு நிலப் பேச்சு, குலதெய்வத்திற்கு ஒரு பொங்கல். இவ்வளவையும் முடித்துக்கொண்டு, ஊறுகாய்ச் சாடியும் முறுக்கு டின்னுமாகத் திரும்பி வந்து, "அப்பாடா!" என்று நாம் உட்காருவது ஆலையின் மறுநாள் ஷிப்டில்தான். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். என் விடுமுறைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் முப்பத்து நான்கு ஆண்டுகளும் ஓயாமல் உழைத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

1994ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள். அவ்வாண்டு ஏதோ காரணத்தால் நான்கு குடும்பத்தாரும் ஊருக்குப் போகவில்லை. அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வாழ்ந்த நால்வர் நாங்கள். ஒருவர் கணக்குப் பிரிவில் பணியாற்றியவர். நம் சங்கத்தின் பொருளாளராகவும் பல ஆண்டுகள் இருந்தவர். ஒருவர் உருட்டாலையில் ஃபோர்மன்; திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கிறித்தவ அன்பர். ஒருவர் தமிழாசிரியர். நான்காமவன் அடியேன். டாட்டா நகர் நிலையத்தில் இரவு வண்டி ஏறினால் விடியற்காலையில் பூரியில் இறங்கிவிடலாம். அவ்வளவு அருகில் கடல் இருந்தும், இருபது ஆண்டுகளாக நாங்கள் அதைப் பார்த்ததில்லை. "வங்கக் கடலைச் சென்னையில் பார்த்தாயிற்றே, இங்கு வேறு பார்க்க வேண்டுமா?" என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

பயணத்திற்கான திட்டம் என்னுடையது. வரைகோட்டுத் தாள் ஒன்றில் கால அட்டவணை எழுதினேன். ஆறே கால் மணிக்குச் சூரியோதயம், ஆறரை மணிக்குக் கடல் நீராடல், எட்டு மணிக்குச் சகந்நாதர் கோயில், பத்து மணிக்குக் கோணார்க்கம், இரண்டு மணிக்கு அசோகனின் கல்வெட்டு உள்ள தௌலிக் குன்று, பிறகு புவனேசுவரம், இரவு மீண்டும் பூரி. ஒரு வேனுக்கு முன்பணமும் அனுப்பியாயிற்று. ஃபோர்மன் நண்பர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு நம்ம ஆலையிலேயே ஓவர்டைம் பார்த்திருக்கலாமே!" என்றார். அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன், ஆனால் அட்டவணையை மாற்றவில்லை.

சூரியோதயம் குறித்த நேரத்தில் நிகழ்ந்தது. அதை நடத்துபவன் நானல்லன் அல்லவா? பூரிக் கடற்கரை தென்கிழக்கு நோக்கியது. ஆகையால் குளிர்காலத்தில் கதிரவன் கடலுக்குள்ளிருந்தே எழுவான். சாம்பல் நிற நீரின்மேல் ஒரு செந்நிறக் கோடு தோன்றி, அது அகன்று, பின் அலை அலையாய்க் கரையை நோக்கி உருண்டு வந்தது. குழந்தைகள் வாய் திறவாமல் நின்றனர். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நீராட நேரமாயிற்று" என்றேன்.

அங்கே, கூம்பு வடிவான வெள்ளைத் தொப்பி அணிந்த சிலர் நீராட வருவோரை அணுகிக் கொண்டிருந்தனர். அவர்களை நுலியாக்கள் என்று அழைக்கின்றனர். பரம்பரை மீனவர்கள், நீராடுவோரின் கையைப் பற்றி அலைக்குள் அழைத்துச் சென்று பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர்களுக்கு ஒரு துணைத் தொழில். நடுவயதுடைய ஒருவர் எங்களிடம் வந்து இருபது ரூபாய் கேட்டார். கணக்கர் நண்பர் பையை எடுத்தார். நான் தடுத்தேன். "குளித்தலையில் காவிரியை அக்கரைக்கும் இக்கரைக்குமாக நீந்தியவன் நான். எனக்கெதற்கு ஆள்? வீண் செலவு!" என்றேன். அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

ஆறு வேறு, கடல் வேறு என்பதை அடுத்த பத்து நிமிடங்களில் கற்றேன். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் மீண்டும் கடலுக்குச் சென்றாக வேண்டும். அது எங்கும் பரவலாகத் திரும்புவதில்லை. சில இடங்களில் குறுகிய கால்வாய்போல் ஒன்றுகூடி, விரைந்து உள்நோக்கி ஓடுகிறது. மேலே பார்த்தால் அவ்விடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியை நம்பித்தான் நான் அங்கே இறங்கினேன். கால் தரையை விட்டது. திரும்பிப் பார்த்தபோது கரை நெடுந்தொலைவில் இருந்தது. கரையை நோக்கி நீந்தினேன். நீந்த நீந்தக் கரை விலகிற்று. கைகள் ஓய்ந்தன. உப்பு நீர் தொண்டையில் இறங்கியது. அந்நேரத்தில் எனக்குக் குலதெய்வம் நினைவிற்கு வரவில்லை, அட்டவணையும் வரவில்லை. என் இளைய மகளுக்கு அன்று காலை நான் பின்னிவிடுவதாகச் சொல்லிப் பின்னாமல் விட்ட சடை நினைவிற்கு வந்தது.

எவரோ என் தோளைப் பற்றினர். அந்த நுலியாதான். அவர் என்னைக் கரையை நோக்கி இழுக்கவில்லை. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றார். சிறிது தொலைவு சென்றதும் நீரின் பிடி சட்டென்று தளர்ந்தது; அலைகளே எங்களைக் கரைக்குத் தள்ளின. குழந்தைகளே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கடல் உள்ளே இழுத்தால் அதனோடு மல்லுக்கு நிற்காதீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள். அதனினும் மேலாக, இருபது ரூபாயை மிச்சப்படுத்தாதீர்கள்.

கரையேறிக் கண் திறந்தபோது ஒரு காட்சியைக் கண்டேன். கணக்கர் நண்பர், கால்சட்டையும் சட்டையும் பேனாவுமாக, மார்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. கிணற்றை எட்டிப் பார்க்கவே அஞ்சுபவர். என் மகனும் ஃபோர்மன் நண்பரும் அவருடைய இரு கைகளையும் பற்றிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தனர். அவரோ இன்னும் முன்னே செல்லப் பார்த்தார். இருபது ஆண்டுகளாக அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு செங்கற் சுவர்தான் இருந்தது. அச்சுவரின் அப்பால் இருந்தவர் யார் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

வேன்காரர் வந்தார், திருப்பி அனுப்பிவிட்டோம். அட்டவணை அத்துடன் முடிந்தது. பகல் முழுவதும் எங்களுக்கு வேலை இல்லை.

வேலை இல்லாத பகல் எவ்வளவு நீளமானது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மணலில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தோம். கரையில் மீனவர்களின் தோணிகள் வந்து சேர்ந்தன, வலைகளை உதறினர். ஆசிரியர் நண்பர் குழந்தைகளை அழைத்து, "கட்டுமரம் என்னும் நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு கட்டமரான் என்கிறார்கள். நம்மைப் போலவே ஊர் விட்டுப் போய் வாழும் சொல் அது" என்று தொடங்கினார். பிறகு செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணிக்கு வந்தார். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் வென்ற நாடு இந்தக் கலிங்கம். தோற்ற மன்னன் அனந்தவர்மன். அந்த அனந்தவர்மனின் மற்றொரு பெயர் சோடகங்கன். சோழமும் கங்கமும் கூடிய பெயர். ஏனெனில் அவன் தாய் ஒரு சோழ அரசகுமாரி. பின்னர், 12ஆம் நூற்றாண்டில், இங்குள்ள சகந்நாதர் கோயிலை எழுப்பியவனும் அவனே. "நாம் பாடிக்கொண்டிருப்பது போரை. இவர்கள் கும்பிட்டுக்கொண்டிருப்பது கோயிலை. இரண்டும் ஒருவனுடையவை" என்றார் ஆசிரியர். வகுப்பறையில் கொட்டாவி விடும் பிள்ளைகள் அன்று, "அப்புறம்?" என்று கேட்டனர். அவர்களுக்கும் வேறு வேலை இல்லை அல்லவா?

கோயிற் பேச்சு வந்தபோதுதான் என் அட்டவணையின் மற்றொரு பிழை எனக்கு விளங்கிற்று. சகந்நாதர் கோயிலுக்குள் இந்துக்கள் மட்டுமே செல்லலாம் என்பது அக்கோயிலின் நெறி. வாயிலில் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. 'எட்டு மணி – கோயில் – அனைவரும்' என்று எழுதிய நான், ஃபோர்மன் நண்பரின் குடும்பம் அந்த இரண்டு மணி நேரம் எங்கே நிற்கும் என்பதைச் சிந்திக்கவே இல்லை. அவர் அறிந்திருந்தார், எங்கள் மகிழ்ச்சி கெடக்கூடாது என்று வாய் திறவாமல் இருந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அதனாலென்ன அண்ணாச்சி, வெளியே செருப்பு காக்க ஒரு ஆள் வேணும்லா?" என்றார் அவர். அவர் சொன்ன வேடிக்கைகளில் எனக்குச் சிரிப்பு வராதது அது ஒன்றுதான்.

கணக்கர் எழுந்தார். தாம் மட்டும் கோயிலுக்குச் சென்று மகாபிரசாதம் வாங்கி வருவதாகச் சொன்னார். அங்கே விறகடுப்பின்மேல் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கின்றனர். உருளைக்கிழங்கும் தக்காளியும் அம்மடைப்பள்ளிக்குள் நுழைவதில்லை; வெங்காயமும் பூண்டும் இல்லை. படைத்த உணவைக் கோயில் வளாகத்திலேயே ஆனந்த பசார் என்னும் இடத்தில் விலைக்குத் தருவர். அங்கு யாரும் யாருடைய சாதியையும் கேளாமல் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது நெடுங்கால மரபு. நண்பர் சோறும், தால்மா என்னும் பருப்புக் கறியும், நெய் மணக்கும் இனிப்புச் சோறும் மண்சட்டிகளில் வாங்கி வந்தார். விடுதித் திண்ணையில் இலை போட்டு, நான்கு குடும்பத்தாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். "புளியில்லாத சாம்பார்!" என்றாள் என் மகள். ஃபோர்மனின் துணைவியார் கண்மூடிச் செபம் செய்தபின் முதற்கவளத்தை எடுத்தார். அந்தச் சாப்பாட்டின் சுவையை நான் பிறகு எந்த விருந்திலும் கண்டதில்லை.

பிற்பகலில் அந்த நுலியா எங்களைத் தேடி வந்தார், நான் நலமா என்று பார்க்க. ஆசிரியரின் துணைவியார் ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். நுலியாக்களின் தாய்மொழியும் தெலுங்கே. ஆந்திரக் கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள். இருவரும் பேசத் தொடங்கினர். அம்மையார் வழக்கம்போல், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். அவர் சொன்னதை எங்களுக்குத் தமிழில் எடுத்துரைத்தார்: "தாத்தா ஊர் சீகாகுளம் பக்கம், அம்மா. எங்கள் ஊர் இது. அங்கே போனால் எங்களை விருந்தாளி என்கிறார்கள். மூன்று நாள் நன்றாகக் கவனிப்பார்கள். நான்காம் நாள், வண்டி எப்போது என்று கேட்பார்கள்."

என் மனைவி கலகலவென்று சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு அடங்கி, நீண்ட நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனெனில், அன்பர்களே, நம்மையும் நான்காம் நாள் அவ்வாறுதான் கேட்கிறார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. அவர்களுடைய வாழ்வு நம்மை எதிர்பாராமல் நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நாமோ இங்கே இருந்துகொண்டு, 'ஊர் அங்கே இருக்கிறது' என்று சொல்லிச் சொல்லி, இங்கிருக்கும் ஊரைப் பாராமலேயே இருந்துவிடுகிறோம். நம் பிள்ளைகளை, "எந்த ஊர்?" என்று எவரேனும் கேட்டால், அவர்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்கு நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்?

மாலையில் நால்வர் குடும்பமும் தேரோடும் பெரிய வீதியில் உலாவினோம். சிங்க வாயிலுக்கு வெளியே ஒரே கல்லாலான அருணத் தூண் நிற்கிறது. அது கோணார்க்கத்துச் சூரியன் கோயிலின் முன் நின்றது. 18ஆம் நூற்றாண்டில் மராட்டியர் காலத்தில் பெயர்த்து இங்குக் கொணரப்பட்டது. "கோணார்க்கத்திற்குப் போகாவிட்டால் என்ன? அதில் ஒரு பகுதியே நம்மைத் தேடி வந்துவிட்டது" என்றார் ஆசிரியர். அத்தூண் வெளியே நிற்பதால், ஃபோர்மன் நண்பரும் எங்களோடு நின்று, அண்ணாந்து, வேண்டிய மட்டும் பார்த்தார். பிறகு அடுக்கடுக்காய்ப் பொரித்துப் பாகில் தோய்த்த காஜா வாங்கிக்கொண்டு கடற்கரைக்கே திரும்பினோம். சுவர்க்கத்துவாரத்தில் சுடுகாட்டுப் புகை ஒருபுறம் எழுந்தது. அதன் அருகிலேயே குழந்தைகள் பட்டம் விட்டனர். பொரி விற்பவர் கூவினார். காலையில் நடந்தது நினைவிற்கு வர, என் உடல் ஒருமுறை சிலிர்த்தது. மகளை அருகில் அழைத்து உட்கார வைத்து, மீதமிருந்த வெளிச்சத்தில் அவளுக்குச் சடை பின்னிவிட்டேன். கோணலாகத்தான் வந்தது.

இரவு வண்டியில் கணக்கர் நண்பர் அன்றைய செலவுக் கணக்கை எழுதினார். தாள் இல்லாததால் என் கால அட்டவணையின் பின்புறத்திலேயே எழுதினார். அந்தத் தாளை இன்று நான் கொண்டு வந்திருக்கிறேன். இதோ, மடிப்புகளில் கிழிந்துவிட்டது. விடுதி வாடகை, மகாபிரசாதம், காஜா, வேன் முன்பணம் நட்டம் என்று எல்லாம் வரிசையாக உள்ளன. எல்லாவற்றையும் நான்கால் வகுத்திருக்கிறார். நடுவில் ஒரு வரி: 'நுலியாவுக்கு – ரூ. 100. பங்குக்கு ரூ. 25.'

நான் தாளைப் பார்த்துவிட்டு, "இது என் சொந்தச் செலவு ஐயா. என் உயிருக்குக் கொடுத்த கூலி. இதை ஏன் நான்காகப் பிரித்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சங்கத்தின் பொதுக்குழுவில் விளக்கம் சொல்லும் அதே குரலில், "அதைச் சொந்தச் செலவில் எழுத முடியாது. அது பொதுச் செலவு" என்றார். பேனாவை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அவர் 2017ஆம் ஆண்டில் நம்மை விட்டு மறைந்தார். ஓய்வு பெற்றபின் ஊருக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசிவரை இங்கேயே இருந்தார். அவரைத் தூக்கிச் சென்ற நால்வரில் ஒருவர் ஃபோர்மன் நண்பர், ஒருவன் நான், மற்ற இருவர் இந்த மண்ணைச் சேர்ந்த அண்டை வீட்டுப் பிள்ளைகள்.

பெரியோர்களே, நம் சங்கம் பொங்கல் கொண்டாடுகிறது. பேச்சுப் போட்டி, கோலப் போட்டி நடத்துகிறது. எல்லாம் நல்லவையே. அவற்றோடு, ஆண்டில் ஒரே ஒரு நாளை நிகழ்ச்சி நிரல் இல்லாத நாளாக அமைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கடலோ, ஆற்றங்கரையோ, எதிரே உள்ள தால்மா மலையடிவாரமோ, எங்கேனும் ஒன்றாகச் சென்று, ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு வருவோம். அண்டை வீட்டார் தமிழரல்லர் என்றால் அவர்களையும் அழைத்துக்கொள்வோம். தலைவர் உரையும் வேண்டாம். என் உரையும் வேண்டாம். அன்றைய செலவுக் கணக்கை மட்டும் ஒருவர் எழுதி வைக்கட்டும். எதைப் பொதுச் செலவில் சேர்ப்பது என்ற ஐயம் எழுந்தால் என்னிடம் வாருங்கள். இந்தத் தாளைக் காட்டுகிறேன்.